ஆறாம் பாரத்தின் மாலை வகுப்பு

முன்வரிசைப் பெஞ்சு நனைந்திருந்தது. ஆத்மநாதன் முதலில் கூரையைத்தான் பார்த்தார். ஐப்பசி மழைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒழுகாத இடம் குறைவு என்றாலும் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்து அறை இதுவரை ஒழுகியதில்லை. இன்றும் ஒழுகவில்லை. பெஞ்சின் ஓரத்தில், ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த அகலத்துக்கு மட்டும் ஈரம். அதற்கு நேர் கீழே தரையில் கொஞ்சம் சேறு கிடந்தது. மஞ்சள் பாய்ந்த களிச்சேறு. இந்தப் பக்கத்து மண் செம்மண். மழையில் கரைந்தால் காவி வேட்டி அலசிய தண்ணீர் போல ஓடும். மஞ்சள் களியை அவர் இந்த ஊரில் பார்த்ததில்லை.

பியூன் ராக்கனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"பள்ளிக்கூடம் விட்டதுமே கூட்டிப் பெருக்கிட்டேங்கய்யா. பெறகு இங்கிட்டு ஈ காக்கா வரலை," என்றான் ராக்கன். குனிந்து சேற்றைத் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, கையை வேட்டியில் அழுத்தித் துடைத்துக்கொண்டான். "என்ன இது, நாத்தம் கொடலைப் பொரட்டுது!"

அதற்கு மேல் விசாரிக்க ஆத்மநாதனுக்குத் தெம்பில்லை. இரண்டு வாத்தியார்கள் பட்டாள ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய பூகோளமும் கணக்கும் இவர் தலையில் விழுந்திருந்தன. பட்ட காலிலே படும் என்பது போல, தலைமையாசிரியர் செபமாலை வேறு ஒரு வேலை கொடுத்திருந்தார். வருகிற தை மாதம் பள்ளிக்கு வெள்ளிவிழா. பள்ளியின் சரித்திரத்தையும், இங்கே படித்தவர்கள் இப்போது எங்கெங்கே எப்படி இருக்கிறார்கள் என்பதையும் எழுதி மேடையில் வாசிக்க வேண்டும். "ஆரம்பத்துலேருந்து இருக்கிறது நீங்க ஒருத்தர்தானே சார்," என்றார் செபமாலை. பாராட்டாகத்தான் சொன்னார். ஆத்மநாதனுக்குத் தண்டனை சொன்ன மாதிரி இருந்தது.

வீட்டில் விளக்கேற்ற மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்து அரிக்கேனில் மட்டும் கொஞ்சம் இருந்தது. அதனால் பையன்கள் போன பிறகு, பொழுது சாயும் வரையிலும் சாய்ந்த பிறகு சற்று நேரமும், ஆறாம் பாரத்து அறையில் உட்கார்ந்து எழுதினார்.

சரித்திரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கீரமங்கலத்துக்கும் கறம்பக்குடிக்கும் நடுவே, பெயரைச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரனே சற்று யோசிக்கிற ஊர். அங்கே பிறந்து ரங்கூனுக்குப் போய் அரிசி வியாபாரத்திலும் மர வியாபாரத்திலும் செழித்த ஒருவர், தம் கடைகளுக்குக் கணக்கெழுத இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைகள் வேண்டுமென்று இந்தப் பள்ளியைக் கட்டினார். உத்தரம், கதவு, பெஞ்சு எல்லாம் பர்மாத் தேக்கு. கப்பலில் மரம் இங்கே வந்தது, பிள்ளைகள் அங்கே போனார்கள். ஆறாம் பாரம் பாஸ் செய்கிறவர்களில் கையெழுத்து நன்றாக உள்ளவன், வாய் அடக்கமுள்ளவன் என்று பார்த்து ஆத்மநாதன் பெயர் சொல்லுவார். ஆடிக்குள் கப்பல் டிக்கெட் வந்துவிடும். கடலை போட்டுப் பிழைத்த குடும்பங்கள் ஓட்டு வீடு கட்டின. தெருவில் இவர் நடந்தால் எழுந்து நிற்காத தாய் கிடையாது.

இப்போதும் எழுந்து நிற்கிறார்கள். கேட்பதற்காக நிற்கிறார்கள். "ஏதாச்சும் தெரிஞ்சுதா சார்?"

போன மார்கழியில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. கப்பல் நின்றுபோனது. இடம் கிடைக்காதவர்கள் காட்டு வழியாகவும் மலை வழியாகவும் நடந்தே புறப்பட்டார்கள். சித்திரை வைகாசியில் சிலர் எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்தார்கள். பிறகு அந்த மலைகளில் மழை பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

வராதவர்களில் அவருடைய மகன் சோலையப்பனும் ஒருவன். ஒரே மகன். அவனையும் இவரேதான் அனுப்பினார். ஊரான் பிள்ளைகளைக் கடல் தாண்ட வைத்துவிட்டுத் தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே! மனைவி பிரகதாம்பாள் அன்றைக்கும் மறுத்துப் பேசவில்லை, இன்றைக்கும் சொல்லிக் காட்டவில்லை. உறவுக்காரர்கள் வந்து, தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைத்துவிடலாம், போன உயிர் அலையக் கூடாது என்றபோது மட்டும், "உசுரோட இருக்கவனுக்கு யாரு கொள்ளி வைக்கிறது?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். செத்துவிட்டான் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அழுது தீர்க்கலாம். இருக்கிறான் என்றால் காத்திருக்கலாம். இரண்டும் இல்லாத இந்த நடுவாந்திரம்தான் ஆத்மநாதனை உள்ளே அரித்தது.

மறுநாள் சாயங்காலம் வீரய்யா வந்தான். அவனும் பழைய மாணவன். வைகாசியில் திரும்பி வந்தவன், இத்தனை மாதமாகக் காய்ச்சலில் படுத்திருந்து இப்போதுதான் கோலை ஊன்றி நடக்கிறான். வாசலிலேயே நின்றான்.

"என்கூட நடந்து வந்த அழகுமலை போயிட்டான் சார். என் கண்ணு முன்னாலதான். வவுத்தால போயி, ஒரே நாள்ல. அவங்க ஆத்தாகிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரலை. நீங்கதான் பக்குவமாச் சொல்லணும்."

ஆத்மநாதன் தலையாட்டினார். பிறகு, கேட்கப் பயந்துகொண்டே கேட்டார். "சோலை?"

"ஆறு வரைக்கும் ஒண்ணாத்தான் வந்தோம் சார். படகுல எடமில்ல. நீங்க போங்க, பின்னாடி வாரேன்னான். அப்பறம் பாக்கலை." வீரய்யா குனிந்து தன் கால்களைப் பார்த்தான். "ஒரே சேறு சார் அந்த வழி. மஞ்ச மஞ்சேன்னு. காலை வச்சா உருவ முடியாது. அலுத்து உக்காந்தவன் ஒருத்தனும் எந்திரிக்கலை."

அவன் போன பிறகு ஆத்மநாதன் முன்வரிசைப் பெஞ்சைப் பார்த்தார். படித்த காலத்தில் அழகுமலை உட்கார்ந்த இடம் அந்த ஓரம்தான்.

அழகுமலையின் தாய் மீனம்மாள் அவர் தெருவிலேயே, சில வீடுகள் தள்ளி இருந்தாள். அன்று அவள் வாசலைத் தலை குனிந்தபடி கடந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாளும் அப்படியே நினைத்தார்.

மழை விட்டிருந்த ஒரு மாலை. ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டுகிற தண்ணீரும், வாய்க்கால் பக்கத்துத் தவளைகளும், தன் பேனா காகிதத்தில் உரசுகிற ஓசையும் தவிர வேறு சத்தமில்லாத நேரத்தில், குனிந்து எழுதிக்கொண்டிருந்த அவருக்கு, இத்தனை வருஷம் வாத்தியாராக இருந்த காதுக்கு மட்டும் தெரிகிற ஒரு சத்தம் கேட்டது. பெஞ்சில் ஒரு பையன் தொடையை நகர்த்தி உட்காருகிற சத்தம். தேக்குப் பலகை மெல்ல முனகி நின்றது. கூடவே ஒரு வாடை. ஊறிப்போன துணி, அழுகிய இலை, ஆறாத புண். பிறகு மூக்கை உறிஞ்சுகிற ஓசை வந்தது. அழகுமலைக்குப் பன்னிரண்டு மாதமும் சளி. எத்தனையோ தடவை அதற்காக அதட்டியிருக்கிறார்.

அவர் நிமிரவில்லை. பேனாவை மூடினார், குடையை எடுத்தார், விளக்கை அணைத்துவிட்டுச் சுவரைத் தடவியபடி வெளியே வந்தார்.

வௌவாலாக இருக்கும் என்று மறுநாள் தனக்கே சொல்லிக்கொண்டார். பாடம் நடத்தினார். மாலையில் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. எழுத வேண்டும், வீட்டில் வெளிச்சமில்லை என்று ஒரு காரணம் இருந்தது. உண்மைக் காரணம் வேறு. இங்கே வருகிறவர்கள் செத்தவர்கள் என்றால், வராதவன் உயிரோடு இருக்கிறான். அப்படித்தானே?

அன்றிலிருந்து தினமும் வந்தார்கள். நடந்து வருவது தெரியாது. எழுதிக்கொண்டே இருப்பார், எப்போதோ ஒரு கணத்தில் அறை நிறைந்திருப்பதை முதுகுத் தோல் சொல்லும். அரிக்கேன் வெளிச்சத்தின் விளிம்பில் முழங்கால்கள் தெரியும். டெஸ்க்கின் மேல் வைத்த கைகள் தெரியும். நாளெல்லாம் தண்ணீரில் கிடந்தது போல வெளுத்துச் சுருங்கிய விரல்கள், நகங்களுக்குள் மஞ்சள் களி. முகம் இருட்டில் இருக்கும். முகம் எதற்கு? எந்த இடத்தில் உட்கார்ந்தவன் எவன் என்று அவருக்குத் தெரியும். வெவ்வேறு வருஷத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்த இருவர் இப்போது நெருக்கியடித்து ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. அவரையே பார்த்தார்கள்.

சோலையப்பனின் இடம் கடைசிப் பெஞ்சில், சுவரோரம். வாத்தியார் மகனுக்கு முன்வரிசை கொடுத்தார் என்று யாரும் சொல்லக் கூடாதென்று அங்கே உட்கார வைத்திருந்தார். அரிக்கேன் வெளிச்சம் அதுவரை எட்டாது. திரியைக் கொஞ்சம் ஏற்றினால் எட்டும். ஒவ்வொரு நாளும் இன்றைக்கு ஏற்றிவிடுவது என்று உட்காருவார். கை திருகாணி வரை போகும். திரும்பி வந்துவிடும்.

வீட்டுக்கு வந்தால் பிரகதாம்பாள் கால் கழுவத் தண்ணீர் வைத்துவிட்டுக் கேட்பாள். "ஏதாச்சும் சேதி?"

"இல்லை."

"இல்லைன்னா நல்லதுதான்," என்பாள். அதை அவரும் நம்பினார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள், படுத்தார்கள்.

கார்த்திகை பிறந்தது. அவருக்குக் காய்ச்சல். லீவு போட்டால் அவருடைய வகுப்புகளைப் பார்க்க ஆளில்லை. அதனால் லீவு போடவில்லை. அன்று பகலிலேயே இருட்டிக் கிடந்தது. மாலையில் மழை இறங்கி, தாழ்வார ஓடுகளில் சரம் சரமாக விழுந்தது. நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.

விழித்தபோது அறை நிறைந்திருந்தது. என்றைக்கும் இல்லாத நிறைவு. பெஞ்சு கொள்ளாமல் சுவரோரம் நின்றார்கள். வாடை மூச்சை அடைத்தது. அவர்களுடைய துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் வெளியே பெய்கிற மழையை விடத் தெளிவாகக் கேட்டது. எல்லாரும் அவரைப் பார்த்தபடி இருந்தார்கள். பசித்த பிள்ளைகள் பார்க்கிற பார்வை.

அந்தப் பார்வை அவருக்குப் பழக்கமானதுதான். மாலை வகுப்பு இந்தப் பள்ளியில் அவர் உண்டாக்கிய வழக்கம். பரீட்சைக்குப் போகிற ஆறாம் பாரத்துக்கு மட்டும், பள்ளி விட்ட பிறகு தனியாக நடத்துவார். அதற்கு மணி கிடையாது. சார் போகச் சொன்னால்தான் எழுந்திருக்க வேண்டும். அலுப்பில் சில நாள் இப்படித்தான் நாற்காலியில் தூங்கிவிடுவார். பிள்ளைகள் எழுப்ப மாட்டார்கள், எழுந்து போகவும் மாட்டார்கள். இருட்டினாலும் வயிறு காய்ந்தாலும் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஊரே அதைப் பெருமையாகப் பேசும்.

இதற்காகவா வந்தீர்கள்? இதற்காகவா இத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறீர்கள்?

பயம் போய்விடவில்லை. ஆனால் பயத்துக்கு மேலாக ஒரு துக்கம் நெஞ்சில் முட்டியது. எவ்வளவு தூரம் நடந்திருப்பார்கள். காய்ச்சலில் அவராலும் உட்கார முடியவில்லை. போதும், எல்லாம் போதும் என்று இருந்தது. ஒரு பையனுக்குப் பசி என்றால் வாத்தியார் வேறு என்னதான் சொல்லுவார்?

"நேரமாச்சுப்பா," என்றார். "ஆத்தா தேடுவாங்க. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

பெஞ்சுகள் ஒன்றாக முனகின. எழுந்தார்கள்.

ஆத்மநாதன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கடைசிப் பெஞ்சிலிருந்து எவன் எழுந்து வருகிறான் என்று பார்க்க முடியாது. பார்க்க மாட்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று எத்தனை பையன்களைக் கேலி செய்திருக்கிறார்! காதையும் பொத்திக்கொண்டார். குளிர் மட்டும் தெரிந்தது. ஒவ்வொருவராக. நாற்காலியை ஒட்டி. ஈரத்துணி முழங்கையில் உரசிற்று. ஒன்று. இன்னொன்று. இன்னொன்று. ஒருவன் அவர் பக்கத்தில் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். பிறகு அவனும் போனான்.

கண் திறந்தபோது ஒருவரும் இல்லை. அப்போதுதான் திரியை ஏற்றினார். விளக்கைத் தூக்கிக்கொண்டு கடைசிப் பெஞ்சு வரை போனார். நனைந்திருந்தது. எல்லாப் பெஞ்சும்தான் நனைந்திருந்தது. இடம் போதாமல் வேறு யாராவது அங்கே உட்கார்ந்திருக்கலாம். அவ்வளவு கூட்டம் இருந்ததே. நிச்சயம் வேறு யாராவதுதான்.

மழை தூறலாகியிருந்தது. காய்ச்சலிலும் உடம்பு லேசாக இருந்தது அவருக்கு. பிள்ளைகளை விடுவித்தாயிற்று, இனி வரமாட்டார்கள், அவரவர் போக வேண்டிய இடத்துக்குப் போயிருப்பார்கள். நாளைக்கு மீனம்மாளிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இப்படி நினைத்துக்கொண்டே தெரு முனை திரும்பினார்.

தெருவில் வெளிச்சம் இருந்தது.

மண்ணெண்ணெய் இல்லாத தெரு. பொழுது சாய்ந்தால் கதவடைக்கிற தெரு. வீட்டுக்கு வீடு கதவு திறந்து கிடந்தது. அடுப்புப் புகை மழையில் தாழ்ந்து மிதந்தது. பர்மா அரிசி நின்றதிலிருந்து ஒருவேளைக் கஞ்சியோடு படுக்கிற வீடுகளில் உலை கொதிக்கிற மணம். ஒரு வீட்டில் பாத்திரம் உருண்டது. ஒரு வீட்டில் யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டே அழுதாள்.

மீனம்மாள் வாசலுக்கு ஓடி வந்தாள். கையில் கரண்டி.

"சார்! எம் மகன் வந்துட்டான் சார்! அழகுமலை வந்துட்டான்! இப்பத்தான், இந்தா இப்பத்தான். சார்தான் போகச் சொன்னாருன்னு சொல்றான். நீங்க நல்லாருக்கணும் சார்!"

அவளுக்குப் பின்னால், உள்ளே, ஒரு முதுகு. குனிந்து சாப்பிடுகிற முதுகு. மூக்கை உறிஞ்சுகிற ஓசை.

"எப்பிடிப் பசிச்சிருக்கு பாருங்க, வாயே தெறக்காம அள்ளி அள்ளித் திங்கிறான்," என்றாள் மீனம்மாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவரால் பார்க்க முடியவில்லை. அவர் நகர்ந்தார். ஓட நினைத்தார். கால் வரவில்லை. சேற்றில் வைத்த கால் போல இழுத்து இழுத்து வைத்தார்.

அடுத்த வீடு. கதவு திறந்திருந்தது. அதற்கடுத்த வீடு.

சோலை இல்லை. நான் பார்க்கவில்லை. அவன் இடத்தில் யாரையும் நான் பார்க்கவில்லை. ஆற்றுக்கு அங்கிட்டு நின்றவன். பின்னாடி வருகிறேன் என்றவன். உயிரோடுதான் இருப்பான்.

அவர் வீடு.

கதவு திறந்திருந்தது.

அடுக்களையில் ஆமணக்கெண்ணெய் விளக்கு. சுவரில் பெரிய நிழல். பிரகதாம்பாள் நிலைப்படிக்கு வந்தாள். அவள் சிரிக்கவில்லை. மீனம்மாள் மாதிரிக் கத்தவில்லை. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. முழங்கை வரை சோறு.

"சத்தம் போடாதீங்க," என்றாள். "சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்."

சோலையப்பன் பலகையில் உட்கார்ந்திருந்தான். தலை குனிந்திருந்தது. கை தட்டுக்குப் போயிற்று, வாய்க்குப் போயிற்று. தட்டுக்கு. வாய்க்கு. மெல்லுகிற சத்தம் இல்லை. விழுங்குகிற அசைவு தொண்டையில் இல்லை. அவன் உட்கார்ந்த பலகையைச் சுற்றிலும், அவனுக்குப் பின்னாலும், தின்ற சோறெல்லாம் அப்படியே குவிந்து கிடந்தது. வெள்ளையாக. ஒரு பருக்கை குலையாமல்.

பிரகதாம்பாள் குந்தி உட்கார்ந்தாள். அந்தச் சோற்றை இரண்டு கையாலும் அள்ளினாள். ஒட்டியிருந்த மஞ்சள் களியை விரலால் வழித்தாள். தட்டில் போட்டாள். ரசம் ஊற்றினாள்.

"சாப்பிடுப்பா," என்றாள்.

அவன் அள்ளினான்.

எவ்வளவு நேரமாக இப்படிச் செய்துகொண்டிருக்கிறாள்? அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மீனம்மாளுக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிந்திருக்கிறது. பெற்ற பிள்ளையை இப்படிப் பார்க்க அவரால் முடியவில்லை. இந்தப் பிள்ளையை விடுவிக்க வேண்டும், இவனாவது இளைப்பாற வேண்டும். அவர் வாயைத் திறந்தார்.

சோலையப்பனின் கை நடுவழியில் நின்றது. தலை மெல்ல நிமிர ஆரம்பித்தது.

பிரகதாம்பாள் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். சோறும் சேறும் அவர் உதட்டில் அப்பின. அந்தக் கை, வகுப்பில் நாற்காலியை ஒட்டிக் கடந்துபோன குளிரைப் போலவே சில்லிட்டிருந்தது.

"போன்னு மட்டும் சொல்லிராதீங்க," என்றாள் காதருகில். "நீங்க சொன்னா போயிருவான். ஒங்க சொல்லைத் தட்ட மாட்டான்."

அவர் வாயைப் பொத்திய கையை எடுக்காமலே, மற்றக் கையால் தரையில் கிடந்த சோற்றை அள்ளி அவள் மறுபடியும் தட்டில் போட்டாள்.